தலையாட்டினால் போனில் கேட்காது

பி.பி. நம்பர் என்று ஒன்று இருந்ததே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் போனால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரே ஒரு போன் இருக்கும். அது இருக்கிற வீட்டுக்காரர் பெரிய மனிதர். அவருடைய நம்பரைத் தெருவே தன் நம்பராக எழுதிக் கொடுக்கும், பக்கத்தில் பி.பி. என்று போட்டு. வேலைக்கு மனுப் போடுகிறவர், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு விலாசம் கொடுக்கிறவர், எல்லோருக்கும் அந்த ஒரு நம்பர்தான். போன் வந்தால் ஒரு ஆள் ஓடி வந்து நம் வாசலில் நின்று கூப்பிடுவார், நாம் போட்டது போட்டபடி ஓடுவோம்.

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்தது மண்டிக்காரர் வீட்டுப் போன். மல்லாட்டை மண்டி, நிலக்கடலை என்றால் உங்களுக்குப் புரியும். அந்தப் போனை வைத்து நானும் என் அம்மாவும் ஐம்பது வருடத்துக்குமேல் சண்டை போட்டிருக்கிறோம்.

அம்மா சொல்வாள்: "நாலு மாசம்டி. ஒரு வார்த்த பேசல நீ. கல்லு மாதிரி நின்ன."

நான் சொல்வேன்: "வாரா வாரம் பேசினேன். நீ கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். பந்துகூடக் குடுத்தனுப்பினேன்."

"பந்தா? அத வேற சொல்லிக்காட்டு."

கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது என்று எங்கே ஆரம்பித்தாலும் இதே மூன்று வரிதான். பிறகு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். இதில் யார் சொல்வது நிஜம் என்பது ஏன் எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அந்த நாலாவது மாதக் கடைசியில் அம்மா வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டு விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். இரண்டு வருடத்தில் நோய் திரும்பி வந்து ஒரு பக்க நுரையீரலைத் தின்றுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அம்மா மாடிப்படி ஏறினதில்லை. நான் பேசாததால்தான் அம்மா ஓடி வந்தாளா? இதுதான் என் கேள்வி. நான் பேசியிருந்தால் குற்றம் என்மேல் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் அந்த நுரையீரலுக்கு நான்தான் பொறுப்பு.

இதை எழுத உட்கார்ந்து இதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன். எனக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

அப்போது எனக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு இருமல் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். தெருவில் வேறு பெயர் சொன்னார்கள், நான் பக்கத்தில் போனால் குரலைத் தாழ்த்தினார்கள். அப்பா லாரி டிரைவர், வடக்கே போனால் வர பதினைந்து இருபது நாளாகும். அதனால் என்னைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் தங்கை வந்தாள். அத்தைக்கு அப்போது இருபது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஆடி முடிந்த கையோடு அம்மாவை விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வார்டுக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள். அம்மாவின் தட்டும் டம்ளரும் அவளுடனே போயின. அலமாரியில் அவை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை மட்டும் இருந்தது, நான் அதை விரலால் சுற்றிக்கொண்டே இருப்பேன்.

மண்டிக்காரரின் மருமகன் விழுப்புரத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே மருந்துக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனாரும் மருமகனும் மூன்று நிமிட டிரங்க் கால் போட்டுப் பேசுவது வழக்கம். அவர்கள் பேசி முடித்த பிறகு மிச்சமிருக்கும் ஒரு நிமிடம் எங்களுக்கு என்று மண்டிக்காரர் பெரிய மனது பண்ணினார். அம்மா வார்டிலிருந்து ரோட்டைக் கடந்து வந்து கடையின் ஓரத்தில் காத்திருப்பாள். நான் மண்டியில் சாக்கு மூட்டையின்மேல் காத்திருப்பேன்.

அந்த இடம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. புதுக் கோணிப்பை வாசனை, மல்லாட்டைத் தோலின் தூசி, வெயிலில் காயும் எண்ணெய்ப் பிண்ணாக்கு. ஒரு பக்கம் எடை போடுகிறவர்கள் கூவிக்கொண்டிருப்பார்கள், இன்னொரு பக்கம் லாரி உறுமிக்கொண்டிருக்கும். ரிசீவர் கறுப்பாக, என் முழங்கை நீளத்துக்கு இருக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். மண்டிக்காரரின் வெற்றிலைப் புகையிலை வாடை அதில் ஊறிப்போயிருந்தது. பல நாள் அம்மாவின் குரலே அந்த வாடையில்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

அத்தை உள்ளே வர மாட்டாள். மூட்டை தூக்கும் ஆட்கள் மேல் சட்டையில்லாமல் நிற்கிற இடத்துக்குள் கல்யாணம் ஆகாத பெண் போவதா? தெருவோரத்து ஜன்னலுக்கு வெளியே முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் என் தலை தெரியும். சத்தத்தில் எதுவும் கேட்காது.

இப்போது நான் பேசிய விதத்தைக் கேளுங்கள்.

"சாப்பிட்டியா கண்ணு?" என்பாள் அம்மா. நான் தலையாட்டுவேன். "அத்த தல வாரி விட்டாளா?" ஜடையைத் தூக்கி ரிசீவருக்கு முன்னால் காட்டுவேன். "ஸ்கூல்ல அழுவறியா?" இல்லை என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவேன். முன் பல் விழுந்த வாரம் வாயைப் பெரிதாகத் திறந்து, ஓட்டையை நன்றாகப் போனுக்குக் காட்டினேன். தீபாவளிக்கு அப்பா எடுத்துவந்த பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு போய், பின்பக்க ஜரிகையும் தெரியட்டும் என்று ஒரு சுற்றுச் சுற்றினேன். எனக்கு அம்மாவின் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டது. காதுக்குள்ளேயே இருக்கிறவளுக்கு என்னைத் தெரியாமல் எப்படி இருக்கும்?

மண்டிக் கணக்கர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். "பார்யா, அம்மாகாரிகிட்ட எப்டி ஆட்டி ஆட்டிப் பேசிக்கினு இருக்குது" என்று எடைக்காரரிடம் காட்டுவார். ஜன்னலில் நிற்கும் அத்தையும் நான் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பாள். வெளியே வந்ததும் "அம்மா இன்னா சொன்னாங்க?" என்று கேட்பாள். நான் ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். அத்தைக்குத் திருப்தி, எனக்கும் திருப்தி. விழுப்புரத்தில் மருந்துக் கடையில் நின்றவளுக்கு மட்டும் லாரிச் சத்தம்தான் கேட்டிருக்கிறது.

இதை இப்போது நான் சுலபமாக எழுதுகிறேன். அப்போது யாருக்கும் தெரியாது. எல்லோரையும்விட எனக்குத்தான் குறைவாகத் தெரியும்.

பாகற்காய் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு புதன்கிழமை அத்தை எனக்குப் பாகற்காய் போட்டு, தட்டை வழித்துச் சாப்பிடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டாள். நான் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் அத்தையைத் திட்டப்போகிறாள் என்று நிம்மதியாக மென்றேன். அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் போகுமா? ஞாயிறு வந்தது. அம்மா வழக்கம்போல "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டாள். பாகற்காயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று தலையைக்கூட ஆட்டவில்லை. பிறகு மூன்று நாள் அத்தையோடும் பேசவில்லை. அத்தை என்ன நினைத்தாள் தெரியுமா? அம்மா ஏக்கத்தில் பிள்ளைக்குக் காற்றுக் கறுப்பு பட்டுவிட்டது என்று எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடி வராததைப் பார்த்துத் தன் பயம் சரிதான் என்றும் முடிவு செய்துகொண்டாள்.

அப்புறம் பந்து. மயிலம் திருவிழாவில் அம்மா எனக்கு வாங்கிக் கொடுத்த சிவப்பு ரப்பர் பந்து. தூங்கும்போதும் அது என் பக்கத்தில் இருக்கும். ஐப்பசி மழையில் ஒரு நாள் அப்பா ஊரிலிருந்து வந்தார், மறுநாள் விழுப்புரம் போய் அம்மாவைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். அம்மாவுக்குக் கொடுத்து அனுப்ப அத்தை முட்டையும் பொட்டுக்கடலை மாவும் கட்டினாள். நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்து, என்னிடம் இருந்ததிலேயே பெரிய பொருளைக் கொடுத்தேன். பந்து இல்லாமல் அம்மாவுக்கு அங்கே எப்படிப் பொழுது போகும்?

"இத எதுக்குடி குடுக்கற?" என்றார் அப்பா.

"அம்மாவுக்கு" என்றேன். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

அப்பா சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போனார். அங்கே அம்மாவிடம் நீட்டி, "உன் பொண்ணு குடுத்தனுப்பிச்சா" என்றாராம். வாங்கிக் கொடுத்த பொருளை ஒருவர் திருப்பி அனுப்பினால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். சீர் வரிசையைத் திருப்பி அனுப்பியதற்காகப் பத்து வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. அம்மா அந்தக் கணக்கில்தான் அதை எடுத்துக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளை உறவை அறுத்துக்கொள்ளப் பார்க்கிறது என்று நினைத்திருக்கிறாள். அப்பாவிடம் அழுதிருக்கிறாள். அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "கொழந்தைங்கன்னா அப்டித்தான் இருக்கும்." சொல்லிவிட்டு லாரி எடுக்கப் போய்விட்டார். அந்தப் பந்து என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. விடாத மழை, மண்டியில் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அன்று அம்மாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"கண்ணு, எதுனா பேசுடி."

நான் தலையாட்டினேன்.

"எதுனா சொல்லு. ஒன்னு ரெண்டு சொல்லு. ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்கல்ல? பத்து வரைக்கும் சொல்லு. அம்மா கேட்டுக்கினு இருக்கேன்."

அது எனக்குப் பிடித்த வேலை. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, கையை நன்றாக முன்னால் நீட்டி, ஒவ்வொரு விரலாக விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவசரப்படாமல், அம்மா பார்க்கும்படி. ஒன்பதில் தவறாமல் இருக்க வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பத்து விரலும் விரிந்தபோது கீழே விழப்போன ரிசீவரைக் கணக்கர் பிடித்துக்கொண்டார். "கட்டாயிடிச்சி பாப்பா" என்றார். நான் மழையில் துள்ளிக்கொண்டு வெளியே வந்து, பத்து வரை எண்ணிக் காட்டியதை அத்தையிடம் சொன்னேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அம்மா வந்துவிட்டாள். மத்தியானம், நனைந்துபோய், யாருக்கும் சொல்லாமல். என்னைப் பொறுத்தவரை அது நான் சரியாக எண்ணியதற்குக் கிடைத்த பரிசு. ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி "கிட்ட வராத" என்றாள். நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். எனக்கு அது தெரியாது. கதவுக்குப் பின்னால் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன், இனி என்னை யாரும் பார்க்க முடியாது என்று. அம்மா அதையும் சேர்த்துக்கொண்டாள்: வீடு தேடி வந்தும் என் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பிறகு வந்தது எல்லாம் வியாக்கியானம்.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சிரிக்கலாம். நான் முப்பது வருடம் அங்கன்வாடியில் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விழுப்புரத்தில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். ஒரு மேடம் மேஜைமேல் ஒரு குடத்தை வைத்தார். அதன் ஒரு பக்கம் பூ வரைந்திருந்தது, மறுபக்கம் வெறுமை. நாலு வயதுப் பிள்ளை ஒன்றைப் பூப் பக்கம் உட்கார வைத்து, தான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு என்ன தெரியுது சொல்லு" என்று கேட்டார். "பூ" என்றது பிள்ளை. குடத்தைச் சுற்றி நடக்கவிட்டு, மறுபக்கம் வெறுமையாக இருப்பதைக் காட்டி, திரும்ப உட்கார வைத்துக் கேட்டாலும் "பூ"தான். தன் இடத்திலிருந்து தெரிவதுதான் எல்லோருக்கும் தெரியும் என்று அந்த வயதில் நினைக்கும், இது பிடிவாதமும் இல்லை, சுயநலமும் இல்லை, வளர்ச்சியில் ஒரு படி என்றார் மேடம். "தன்னை மையமாகக் கொண்ட சிந்தனை" என்று நானும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். பிறகு முப்பது வருடம் தாய்மார்களுக்கு இதையே சொன்னேன். "பிள்ளையைத் திட்டாதீங்கம்மா, அதுக்கு உங்க இடத்துல நின்னு பாக்கத் தெரியாது" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவோடு, நான் பேசினேன், நீதான் கேட்கவில்லை என்று மல்லுக்கு நிற்பேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அம்மா எழுபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தாள். ஏழு வருடம் ஆகிறது. கடைசியில் மூச்சுத் திணறலுக்காக முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தோம். அங்கேயும் ஒரு நாள் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "ஒன்னு ரெண்டுகூட சொல்லலியேடி" என்றாள். நான் "விரல் விட்டு எண்ணினேன்மா" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். விரல் விட்டு எண்ணினேன் என்று என் வாயாலேயே சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

போன மாதம்தான் உறைத்தது. நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்குக் கீழே ஒரு பெண் இருக்கிறாள், கோட்டக்குப்பத்துக்காரி. புருஷன் குவைத்தில். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, அப்பாவை அத்தா என்று கூப்பிடும். தினமும் வீடியோவில் அப்பனும் மகளும் கொஞ்சிக்கொள்வார்கள். அன்று நெட் சரியில்லை, குரல் மட்டும்தான் வந்தது. நான் துணி எடுக்க இறங்கிக்கொண்டிருந்தேன். குழந்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு பலமாகத் தலையை ஆட்டியது.

அதன் அம்மா சொன்னாள்: "தலைய ஆட்னா அத்தாக்கு எப்டிடி தெரியும்? வாயத் தொறந்து சொல்லு."

"அதான் ஆட்டிக்கினு இருக்கேன்ல!" என்று குழந்தை காலை உதைத்துக் கத்தியது.

துணியை மறந்து அங்கேயே படியில் நின்றுவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை மண்டியில் யாராவது ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? கணக்கர் சொல்லியிருக்கலாம், எடைக்காரர் சொல்லியிருக்கலாம். அரை மணி நேரத்தில் விழுப்புரம் பஸ்ஸில் இருந்தேன். விக்கிரவாண்டி வந்த பிறகுதான் வீட்டைப் பூட்டினேனா என்ற சந்தேகமே வந்தது. ஜன்னலோரத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் "உக்காரும்மா, எடம் இருக்குதுல்ல" என்று இரண்டு முறை சொன்னார். அம்மா பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பு எனக்கு எதிராகச் சாய்ந்துவிட்டது. நான் பேசவில்லை, அதனால் அம்மா வந்தாள், அதனால் நுரையீரல் போனது. இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து ஆள் என்று மிச்சமிருப்பது அத்தை மட்டும்தான். விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது, கண்ணும் காதும் என்னைவிட நன்றாக இருக்கின்றன.

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி, ஒரு போன்கூட பண்ணாம வந்துக்கினு நிக்கற? யாருக்கு இன்னா?"

எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். தலையாட்டியதை, பல்லைக் காட்டியதை, விரல் விட்டதை. அத்தை முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அடிப்பாவி! நான் ஜன்னலாண்ட நின்னுக்கினு, புள்ள இன்னா அழகா பேசுதுன்னு பாத்துக்கினு இருந்தேனே!"

"சிரிக்காதீங்க அத்தை. நான் பேசாததாலதான் அம்மா பாதியில ஓடி வந்தாங்க. அதனாலதான் நோவு திரும்பிச்சு. எல்லாம் என்னாலதான்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? அம்மாவே சொல்லிச் சொல்லிக் காட்டினாங்களே, கல்லு மாதிரி நின்னேன்னு."

"கல்லு மாதிரி நின்னன்னு சொன்னா. அதனால வந்தேன்னு சொன்னாளா?"

ஐம்பது வருடச் சண்டையை முன்னும் பின்னும் தேடிப் பார்த்தேன். அம்மா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த "அதனால்" நானாகப் போட்டுக்கொண்டது.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்க" என்றாள் அத்தை. "மரக்காணம் பக்கம், கடலோரத்துல ஏதோ ஒரு குப்பம். வாயாடி. உங்கம்மாவ சிரிக்க வெச்சிக்கினே இருப்பாங்களாம். ரெண்டு பேரும் ஒன்னாத்தான் ஊசி போட்டுக்கப் போறது. அந்த அம்மா வெள்ளிக்கெழம நல்லா நடந்துக்கினு இருந்தாங்க, சனிக்கெழம காலைல செத்துப் போய்ட்டாங்க. பாய சுருட்டி எடுத்துக்கினு போய், மத்தியானமே அதே கட்டில்ல வேற ஒருத்திய படுக்க வெச்சிட்டாங்களாம். உங்கம்மா அரண்டு போய்ட்டா. அடுத்தது நான்தான்னு முடிவே பண்ணிட்டா."

"அந்த ஞாயித்துக்கெழமதானா அத்தை?"

"அதேதான். மருந்துக் கடையாண்ட போய் நின்னாளாம். போன வெச்சிட்டு வந்தா ஸ்பிரிட் போட்டுத் தொடைப்பானாம் அந்தக் கடக்காரன், அத வேற பாக்கணும். ஒங்கிட்ட இன்னான்னு சொல்லுவா, நீ ஆறு வயசுப் புள்ள. ஒரு மனுஷக் கொரல் கேட்டா போதும்னு இருந்துச்சுன்னா. ஒன்னு ரெண்டாச்சும் சொல்லுன்னேன், அதுவும் இல்லன்னா. ஆனா அதுக்காக வரல. சாவறதா இருந்தா என் வீட்ல சாவறேன்னு வந்தா. அன்னிக்கே மொதோ பஸ் புடிச்சி வந்துட்டிருப்பா, ரெண்டு நாளா காய்ச்சல், அதான் செவ்வாக்கெழம ஆச்சு."

"அப்புறம்? என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

அத்தை கீரையை மறுபடி முறத்தில் இழுத்துக்கொண்டாள். "ஒன்னப் பத்தி அவ்ளோதான். மிச்சமெல்லாம் அந்த அம்மா பேச்சுதான். ஒரு மாசம் அதையே சொல்லி அழுதா."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆறு வயதிலிருந்து சுமந்த மூட்டையை ஒரு கிழவி முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே இறக்கி வைத்துவிட்டாள். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு வந்தது ரோஷம். அம்மா எனக்காக வரவில்லையா? என் பத்து விரலுக்கும் இதில் பங்கே இல்லையா? குற்றவாளியாகவாவது அந்தக் கதையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், அங்கிருந்தும் என்னை ஓரமாக நகர்த்திவிட்டார்களே என்று இருந்தது. அறுபத்து நாலு வயதில், குடத்தின் எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு வந்தவளுக்கு.

"இத்தன வருஷம் ஏன் அத்தை என்கிட்ட இதச் சொல்லல?"

"நீ கேட்டாத்தான? எப்ப வந்தாலும் நான் பேசினேனா இல்லியா, நான் பேசினேனா இல்லியான்னு ஒரே பேஜாரு. அவளப் பத்தி என்னிக்குக் கேட்ட?"

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். அத்தை ஒரு பிடி கீரையை என் மடியில் போட்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆய்ந்தோம்.

"அவளுக்கு இருபத்தாறு வயசுடி அப்ப" என்றாள் அத்தை, யாருக்கோ சொல்வதுபோல.

கணக்குப் போட்டால் எனக்குத் தெரியாததா? ஆனால் போட்டுப் பார்த்ததில்லை. என் மகளுக்கு இப்போது முப்பத்தாறு. அவளைவிடப் பத்து வயது சின்னப் பெண் ஒருத்தி, கார்த்திகை மழையில் நனைந்த புடவையோடு ஒரு மருந்துக் கடை ஓரத்தில், யாராவது ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்று போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனை வருடமாக அந்தப் போனின் மறுமுனையில் எனக்குத் தெரிந்தது என் அம்மா மட்டும்தான். என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறவள், என்மேல் கோபித்துக்கொண்டவள், என்னால் உடம்பு கெட்டவள். பயந்துபோன ஒரு பெண் அங்கே நின்றதை நான் பார்த்ததே இல்லை.

"ரொம்பப் பயந்தாங்களா அத்தை?"

"ரொம்ப" என்றாள் அத்தை. "வந்த அன்னிக்கு என் கைய விடவே இல்ல. ஒட்டிக்கும்னு தெரிஞ்சும் விடல."

கீரை முடிந்துவிட்டது. இருட்டுவதற்குள் திண்டிவனம் போய்ச் சேர வேண்டும் என்று எழுந்தேன். எழுந்தும் கால் நகரவில்லை. அம்மா எழுபத்தேழு வயது வரைக்கும் இருந்தாள். பயமாக இருந்ததா அம்மா என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம்.